சிங்கி ஏறாத மேடை

நாம் கற்பிக்கும் பாடசாலையின் கலைவிழாவுக்கென உயர்தர வகுப்பு மாணவர்கள் குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன்–சிங்கி உரையாடலை மேடைக்கு ஏற்ற வடிவிற் பழகியிருந்தனர். இரண்டு மாத உழைப்பு அது. சிங்கியாக நடிக்கவிருந்த மாணவி தனது பாசிமணிகளைத் தானே கோத்துக்கொண்டாள். சிங்கன் தோளிற் சுமந்துவரும் கண்ணிக்கு வேண்டிய கயிற்றைத் தென்னந்தும்பிலே திரித்தவர்களும் மாணவர்களே. விழாவுக்கு மூன்று நாட்கள் இருக்கையில், ஒத்திகை பார்க்க வந்தவர்கள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டனர். அவர்கள் கூறிய காரணம் ஒன்றே: முன்வரிசையிற் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அதே விழாவில், தரம் நான்கிற் படிக்கும் சிறுமியர் எட்டுப் பேர் தென்னிந்தியச் சினிமாப் பாடலொன்றுக்கு ஆடினர். ஒன்பது வயதுக் குழந்தைகள் இடுப்பை வெட்டினர், கண்ணைச் சிமிட்டினர், உதட்டைக் கடித்து, சபையிலுள்ள யாரையோ விரலால் அழைத்தனர். பெற்றோர் எழுந்து நின்று கைத்தொலைபேசியிற் படம் பிடித்தனர். கரகோஷம் அடங்கச் சில நிமிடங்கள் சென்றன. அப்பொழுது ஒருவருக்கும் முன்வரிசை நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை; முன்வரிசைதான் மேடையிலே ஏறி நின்றதே.

பள்ளிக்கூடத்துப் பிணக்கு ஒன்றைப் பத்திரிகைக்குக் கொண்டுவருகிறோம் எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் இவ்விரு தீர்ப்புகளும் ஒரே நாளில், ஒரே குழுவினரிடமிருந்து பிறந்தவை. அவர்கள் தீயவரல்லர், பிள்ளைகளின் நன்மையை விரும்புவோரே. அத்தகையோரே ஆண் பெண் இருவர் பேசிச் சிரிப்பதைக் கண்டு அஞ்சி, ஒன்பது வயதுக் குழந்தையைப் பெரியவர்களின் ஆசைக்கு உருவமாக்குவதைக் கண்டு மகிழ்வார்களாயின், எமது சமுதாயத்தின் ரசனையில் ஏதோவொன்று தலைகீழாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். சிறுவர் எதைக் காணலாம் என்ற வினாவை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

முதலில், எமது பிள்ளைகள் வழிவழியாக எதைக் கண்டும் கேட்டும் வந்தனர் என்பதை நோக்குவோம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் கலியாண வீட்டுப் பலகாரச் சூட்டுக்குப் போனவர்கள் அதனை அறிவர். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பயற்றம் பணியாரம் எண்ணெயில் மிதக்கும், மாமியாரும் மச்சாள்மாரும் சுற்றியிருப்பர். விறகு கொத்திக்கொண்டு வரும் மச்சான் ஒருவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான். அவனுடைய மீசை, நடை, வாங்காத சைக்கிள், கட்டாத பெண் யாவும் பகிடிக்குப் பொருளாகும். அவன் ஒன்று சொன்னால் மச்சாள்மார் நான்கு சொல்லுவர். முறுக்குக்குக் கையேந்தி நிற்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நிற்பர். பாதி விளங்கும், பாதி விளங்காது. விளங்காத பாதிக்கும் பெரியவர்களோடு சேர்ந்து சிரிப்பர். இதனாற் கெட்டுப்போன பிள்ளையை நாம் கண்டதில்லை. எந்தச் சொல்லை எந்த உறவிற் சொல்லலாம், எவ்விடத்தில் நிறுத்த வேண்டும், எதிராளியின் முகம் சுருங்கினால் எப்படிப் பேச்சை மாற்ற வேண்டும் என்பனவற்றையெல்லாம் பிள்ளைகள் அங்கே கற்றனர். மச்சாளிடம் சொல்லக்கூடியதைச் சகோதரியிடம் சொல்லலாகாது என்பதற்கு எவரும் வகுப்பு நடத்தவில்லை.

கூத்தும் அவ்வாறானதே. காத்தவராயன் கூத்து நடக்கும் கோயில் வீதியிற் பாயை விரித்து, விடியும்வரை கண் விழித்தும் இடையிடையே உறங்கியும் பார்த்தவை எத்தனை! காத்தான் வளையற்காரனாக வேடமிட்டு ஆரியப்பூமாலையைக் காண வருவதும், டாப்பர் மாமாவின் கோணங்கித்தனமும், பாட்டாலேயே இருவர் ஒருவரையொருவர் சீண்டுவதும் பிள்ளைகளின் கண்முன்னரே நடந்தன. அது மட்டுமா? பாலகாத்தானாக வேடமிடுபவன் ஊர்ச் சிறுவன் ஒருவனே. அச்சிறுவனுக்கு உரிய பகுதி பிள்ளையின் பகுதி. காதற்பகுதி வரும்பொழுது வளர்ந்த காத்தான் வந்துவிடுவான். படிப்பறிவற்றோர் என நகரத்தார் இகழ்ந்த அந்த அண்ணாவிமாருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. இரவு முழுவதும் சிரித்த அதே பிள்ளைகள், சாதி கடந்து காதலித்தவன் கழுமரத்தை நோக்கி நடக்கும் விடியற்பொழுதில் அழுதனர். சிரிப்பை வெட்டிவிட்டிருந்தால் அந்த அழுகை வந்திராது.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. நாம் பிள்ளைகளாக இருந்த காலம் போர்க்காலம். குண்டு விழுந்த வீட்டையும், சைக்கிளில் ஏற்றிச் செல்லப்பட்ட காயக்காரரையும், வீதியோரத்துப் பிணத்தையும் எமது தலைமுறை கண்டது. இவற்றைச் சின்னப் பிள்ளைகள் காணலாமா என எவரும் கேட்கவில்லை; கேட்டிருப்பினும் மறுமொழி சொல்ல எவருமில்லை. அதற்குப் பிறகும் ஒரு முத்தத்தின் பெயரைக் கேட்டுப் பதறுகின்றவர்களைக் காணும்பொழுது எமக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒருவகைச் சோர்வே வருகிறது.

இனி, தடுக்கப்பட்ட அந்தப் பகுதிக்கு வருவோம். திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாடிய நூல் குற்றாலக் குறவஞ்சி. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் இதற்குப் பரிசாக நிலம் அளித்தார். அது குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. நூலின் முற்பகுதி தலைவி வசந்தவல்லியின் அழகையும் பந்தாட்டத்தையும் விரகதாபத்தையும் பாடுவது. பிற்பகுதியிற் குறவன் சிங்கன் காணாமற்போன தன் மனைவி சிங்கியைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். அவளோ வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசு பெற்று, உடல் நிறைய அணிகளோடு நிற்கிறாள். சிங்கனுக்கு வியப்பு; அவ்வியப்பினுள்ளே ஐயமும் உண்டு. ஒவ்வோர் அணியையும் சுட்டிக் கேட்கிறான். காலில் விரியன் பாம்பு சுற்றிக் கிடப்பதேன் என்கிறான். சேலத்து நாட்டிற் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு அது என்கிறாள் அவள். செத்த தவளையைக் காலில் ஏன் கட்டினாய் என்றால், குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம் என்கிறாள். விரலிற் பூச்சி சுருண்டு கிடக்கிறதே என்றால், கண்டித் தேசத்திலே முன்னொருகாற் பெற்ற அணி என்கிறாள். மலைநாட்டுக்குக் கோப்பிச் செடியும் தேயிலைச் செடியும் தமிழ்ப் பெண்களை இழுத்துவருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, கவிராயரின் கற்பனையில் ஒரு தமிழ்ப் பெண் கண்டிவரை வந்து உழைத்துத் திரும்பியிருக்கிறாள்!

இந்த உரையாடலைப் பலரும் நகைச்சுவையாக மட்டுமே எடுத்துக்கொள்வர். உற்றுநோக்கினால் வேறொன்று புலப்படும். கேள்வி கேட்பவன் கணவன். அவனுடைய கேள்விகளுக்குள் மறைந்திருப்பது ஆணின் பழைய சந்தேகம். மறுமொழி சொல்பவள் உழைக்கும் பெண். அவள் கோபிக்கவுமில்லை, அழவுமில்லை, கற்புக்குச் சத்தியம் செய்யவுமில்லை. தன் உழைப்பின் கணக்கை ஊர் ஊராக எடுத்து வைக்கிறாள். சிலம்பு சேலத்து உழைப்பு. காலணி கண்டி உழைப்பு. தமிழ் இலக்கியத்தில் தன் அணிகலன்கள் ஒவ்வொன்றையும் தானே சம்பாதித்தவை என்று சொல்லக்கூடிய நாயகியர் எத்தனை பேர் உளர்? அவளுடைய மறுமொழிகளைக் கேட்கக் கேட்கச் சிங்கனின் ஐயம் கரைந்து ஆசையாகிறது. தழுவி ஒரு முத்தம் தரட்டுமா என்று கேட்கிறான். பட்டப்பகலிலா என்று அவள் மறுத்துவிடுகிறாள். ஒத்திகை பார்க்க வந்தவர்களை அதிரவைத்தது இந்த இடமே.

எமக்கோ இந்த இடமே பிள்ளைகள் கேட்க வேண்டிய இடமாகத் தோன்றுகிறது. அவன் கேட்கிறான், கேட்டுவிட்டு நிற்கிறான். அவள் மறுக்கிறாள், மறுத்தும் அன்பு குறையவில்லை. அவள் மறுத்ததைத் தன் மானத்துக்கு நேர்ந்த இழுக்காக அவன் எடுத்துக்கொள்ளவுமில்லை. இருவர் நாவும் கட்டுண்டு கிடக்காத இடத்தில் நிகழும் விளையாட்டு இது. பெரியவர்களின் சரசப் பேச்சு சிறுவருக்கு ஆகுமா ஆகாதா என்று பொதுப்படையாகக் கேட்பதிற் பயனில்லை என்று நாம் கருதுகிறோம். அந்தப் பேச்சில் எதிரே நிற்பவளுக்கு வாய் உண்டா, அவள் வேண்டாம் என்றால் அது கேட்கப்படுகிறதா என்பதையே கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்தவுடன் எமக்குப் பிரியமான பழைய நூல்கள் எல்லாம் தாமாகவே தேறிவிடும் என்று வாசகர் எண்ணவேண்டாம். கலித்தொகையிற் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாட்டு ஒன்று பல்கலைக்கழகத்திற் படித்த அனைவர்க்கும் மனப்பாடமானது. சிறு வயதில் மணல் வீட்டைக் காலாற் சிதைத்த குறும்பன், வளர்ந்த பின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறான். நீர் கொடுக்க வந்தவளின் வளை அணிந்த கையைப் பற்றுகிறான். அவள் அம்மாவை அழைத்து அலறுகிறாள். தாய் ஓடி வந்ததும், நீர் குடிக்கையில் இவனுக்கு விக்கியது என்று பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிவிட, அந்தக் கள்வன் கடைக்கண்ணாற் பார்த்துச் சிரிக்கிறான். அழகான பாட்டு, ஐயமில்லை. ஆனால் வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும்பொழுது, கையைப் பற்றும் இடத்தில் ஆண்பிள்ளைகள் சிலர் சிரிப்பதையும் பெண்பிள்ளைகள் சிலர் குனிவதையும் கண்ட ஆசிரியருக்குப் பாட்டின் அழகோடு நின்றுவிட இயலாது. கேட்காமற் பற்றிய கை அது. பாட்டைக் காப்பாற்றுவது, அதனைச் சொல்பவள் அவளே என்பதுதான். அவள் அலறினாள், அலறியவுடன் தாய் வந்தாள். அவனை ஊரறிய அவமானப்படுத்துவதோ விடுவிப்பதோ அக்கணத்தில் அவள் கையில் இருந்தது. விடுவித்தாள், பிறகு தோழியிடம் வந்து சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அவள் சொல்லாத கதையாக இருந்திருந்தால், பாட்டு வேறாகிவிடும். இதனை மாணவரோடு பேசாமல் உரைகாரரின் இலக்கணக் குறிப்போடு மட்டும் கடந்து போவது எமது தொழிலுக்குச் செய்யும் துரோகம்.

வள்ளியம்மை கதை இன்னும் இடர்ப்பாடானது. கந்தபுராணத்தின் இறுதியில் வரும் அக்கதையை, புராணபடனத்திலும் நாடக மேடையிலும் கேளாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை முன்னர் இல்லை. கதிர்காமத்துத் திருவிழாவில் ஒவ்வோர் இரவும் சுவாமி வள்ளியம்மன் கோயிலுக்குப் புறப்படுவதைக் காணத் தமிழரும் சிங்களவரும் வேடரும் கூடினர். தினைப்புனத்தில் வேடனாக வந்து பேசுகிறான் முருகன். கிழவனாகி வந்து தினைமாவும் தேனும் கேட்கிறான். விக்கலெடுத்து நீர் கேட்கிறான். கிழவனின் காதற்பேச்சை வள்ளி கேட்டுவிட்டுக் கொடுக்கும் வசை சாதாரணமானதன்று. அதுவரை சரி. அதன் பின்னர் அண்ணன் விநாயகர் யானையாக வருகிறார். அஞ்சிய பெண் கிழவனை அணைத்துக்கொள்கிறாள். பக்தர்கள் இதனைத் திருவிளையாடல் என்பர். உயிர் இறைவனை அடையும் தத்துவம் என்பர். அவர்கள் நம்பிக்கையோடு எமக்கு வழக்கில்லை. ஆயினும் கதையாகப் பார்க்கும்பொழுது, பேச்சில் வெல்ல முடியாத பெண்ணைப் பயத்தால் வெல்லும் உபாயம் அது. கூட்டாளியை முரடனாக அனுப்பிப் பெண்ணை மிரட்டச் செய்து, பின்னர் கதாநாயகன் வந்து காப்பாற்றும் சினிமாக் காட்சிகளின் மூதாதை அந்த யானைதான்.

சினிமா என்றதும் அதனை முழுவதும் நஞ்சென்று தள்ளிவிடும் பண்டிதர் கூட்டத்தோடு நாம் சேர விரும்பவில்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்பதையும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்றிக் கைக்காசு என்பதையும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். கோயில் வீதியிற் பின்னே ஒதுக்கப்பட்டவனின் பிள்ளை கொட்டகையில் முன்னே அமர்ந்தது. அது சிறிய விடயமன்று. மேலும், இனிய சரசத்தைத் தமிழ்ச் சினிமா அறியாததுமன்று. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில், முதலாளியின் மகள்மாரோடு ஏற்பட்ட வாய்ச்சண்டையால் வேலை பறிபோன இளைஞன், முதலாளி வீட்டெதிரே கூடாரமடித்து வேலை கேட்டுப் போராடுகிறான்! அந்தப் போராட்டத்தினிடையே காதலும் வளர்கிறது. பின்னர் போடப்படும் வேடமெல்லாம் பணத்தாசை பிடித்த தகப்பனை ஏய்ப்பதற்கே. வர்க்கப் போராட்டத்தை இவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டதற்காக ஸ்ரீதரைக் கண்டிக்கலாம் என்றாலும், பிள்ளைகளோடு அமர்ந்து அப்படத்தைப் பார்த்த எவரும் கண்ணைப் பொத்தவேண்டியிருக்கவில்லை. அதிலுள்ள பெண்களுக்கும் வாயுண்டு.

பின்வந்த பல படங்களிலே அந்த வாய் மெல்ல மெல்ல அடைக்கப்பட்டது. கதாநாயகன் பெண்ணைப் பேருந்துத் தரிப்பிலிருந்து கல்லூரிவரை பின்தொடர்வான், கூட்டாளிகள் கைதட்டுவர், அவள் திட்டுவாள், திட்டுவதே காதலின் முதற்படி என்று பாட்டுத் தொடங்கும். முடிவில் அவள் இணங்கியே தீருவாள். வேண்டாம் என்ற சொல்லுக்கு வேண்டும் என்பதே பொருள் என்று, ஐந்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் இக்காட்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லின. 2016இல் வெளிவந்த ‘ரெமோ’ படத்தில், வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மருத்துவப் பெண்ணை அடைவதற்காகக் கதாநாயகன் தாதியாகப் பெண்வேடம் பூண்டு அவள் நம்பிக்கைக்குள் நுழைகிறான். காத்தானின் வளையற்கார வேடத்திலிருந்து இது எவ்வளவு தூரம்! காத்தான் தன் வேடத்துக்குக் கழுமரத்தில் விலை கொடுத்தான். இந்த நாயகனுக்குப் பெண்ணே பரிசாகக் கிடைத்தாள். அதே ஆண்டு யூன் மாதம், சென்னை நுங்கம்பாக்கம் இரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் பலர் பார்த்திருக்க வெட்டிக் கொல்லப்பட்டாள். சினிமாவே அக்கொலையைச் செய்தது என்று சொல்வது மடமை. ஆயினும் பின்தொடர்தலைக் காதலென்று காட்டிய படங்களைப் பற்றித் தமிழகத்தில் உரத்த வாதம் எழுந்தது அதன் பின்னர்தான்.

இந்தப் பெண்கள் வாழும் நாட்டின் சட்டம் வேறு சொல்கிறது. தமிழ்நாட்டில் 1998இலேயே பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. 2013இல் பெண்ணைப் பின்தொடர்வது இந்தியத் தண்டனைச் சட்டத்திலே தனிக்குற்றமாயிற்று. எமது நாட்டிலும் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பாலியல் தொந்தரவைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் குற்றமென்பதைத் திரை காதலென்கிறது. தணிக்கைச் சபை அதனை எல்லோரும் பார்க்கலாம் என்று முத்திரையிட்டு அனுப்புகிறது.

அந்த முத்திரையின் பொருளாதாரத்தைச் சிறிது பார்ப்போம். இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின் கீழ் ‘யு’ என்றால் யாவரும் பார்க்கலாம்; ‘ஏ’ என்றால் வயது வந்தோர் மட்டும். இடைப்பட்ட ‘யு/ஏ’ 1983இல் வந்தது. 2024இல் அதுவும் ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்களித்தது. 2011இல் ‘யு’ சான்றிதழும் அதற்கு ஒரு நிபந்தனையாயிற்று. சரக்கு சேவை வரி வந்த 2017 வரையில் இந்த ஏற்பாடு நிலைத்தது. ‘ஏ’ பெற்ற படத்துக்குத் தொலைக்காட்சியிலும் இடமில்லை. ஆகவே ‘யு’ என்ற எழுத்து தயாரிப்பாளருக்குப் பணமாயிற்று. அந்த எழுத்துக்காக இரத்தம் குறைக்கப்பட்டது, முத்தம் வெட்டப்பட்டது, வசைச்சொல் ஊமையாக்கப்பட்டது. பின்தொடர்தலை வெட்டுமாறு கேட்பார் இல்லை. 2012இலிருந்து கதாநாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் அடியிற் புகைத்தல் கேடென்று எழுத்து ஓடுகிறது. அவன் ஒரு பெண்ணின் தாவணியைப் பற்றியிழுக்கும்பொழுது அங்கே ஓடுவது இசை மட்டுமே.

தணிக்கை என்ற நிறுவனமே பிள்ளைகளுக்காகப் பிறந்ததன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இலங்கையிற் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் 1912இல், ஆங்கிலேயர் ஆட்சியிலே இயற்றப்பட்டது. நாடகமும் சினிமாவும் குடிமக்கள் கூடும் இடங்கள். கூட்டத்தைக் கண்டு அரசு அஞ்சியது. சுதந்திரத்தின் பின்னரும் அந்தச் சட்டம் நெடுங்காலம் நிலைத்தது. இன்னொரு புறத்தில், மிசனரிப் பாடசாலைகளிலே கற்ற எமது மத்தியதர வர்க்கம் விக்டோரியா மகாராணியின் காலத்து நாணத்தைத் தமிழ்ப் பண்பாடு என்றே நம்பத் தொடங்கிற்று. பலகாரச் சூட்டுப் பகிடி பட்டிக்காட்டுத்தனமாயிற்று. கூத்து இழிந்தோர் ஆட்டமாயிற்று. அவ்வர்க்கத்தின் பேரப்பிள்ளைகளே இன்று கலைவிழாக் குழுக்களில் இருக்கின்றனர்.

ஆனால் அந்த நாணம் சந்தைக்கு முன்னால் ஏன் நிற்கவில்லை? சிறுமியரின் ஆட்டம் அவர்களுக்கு ஏன் உறுத்தவில்லை? தென்னிந்தியத் தனியார் தொலைக்காட்சிகளின் சிறுவர் போட்டிகளை எமது வீடுகளும் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்துள்ளன. பெரியவர்களுக்கு எழுதப்பட்ட காதற்பாட்டைக் குழந்தை பாடுகிறது. நடுவர் கண்ணீர் விடுகிறார். அழகுசாதன விளம்பரம் வருகிறது. குழந்தை மீண்டும் ஆடுகிறது. 2019 யூனில் இந்திய ஒலிபரப்பு அமைச்சு, நடனப் போட்டிகளிற் சிறுவரைப் பெரியவர்களின் பாணியில் ஆடச் செய்வது குறித்துத் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தல் விடுத்தது. அறிவுறுத்தல் வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது என்பதே அதன் பொருள். இங்கே குழந்தை பார்ப்பவளல்லள், பார்க்கப்படுபவள். சிங்கியின் பகிடி அவளுக்கு வெளியே, பெரியவர்களின் உலகத்தில் நடக்கிறது. விளங்கியதை அவள் எடுத்துக்கொள்ளலாம், விளங்காததை விட்டுவிடலாம். இந்த ஆட்டத்திலோ அவளுக்கு விளங்காத ஓர் ஆசை அவள் உடம்பிலேயே எழுதப்படுகிறது. யாரை அழைக்கிறோம், எதற்கு அழைக்கிறோம் என்று அறியாமலே அந்தச் சின்ன விரல் சபையை அழைக்கிறது. இதைக் காசாக்குவோர் இருக்கின்றனர். காசு வரும் இடத்தில் மத்தியதர வர்க்கத்தின் நாணம் மௌனம் சாதிப்பது புதிதன்று.

இடதுசாரி இயக்கத்தில் நெடுங்கால ஈடுபாடுடைய நண்பர் ஒருவர் எம்மோடு வேறு கோணத்திலிருந்து வாதிட்டார். குறவஞ்சி நிலமானியச் சமுதாயத்தின் கேளிக்கை; பிரபுக்கள் சிரிப்பதற்காக உழைக்கும் குறவரைக் கோமாளிகளாக்கியது; அதை மாணவர்க்குக் கொடுப்பானேன் என்றார். அவர் கூறியதிற் பாதிக்கு நாம் உடன்படுகிறோம். வசந்தவல்லியின் அங்கங்களை அடியொற்றி வருணிக்கும் பகுதி நிலம் கொடுத்தவரின் கண்ணுக்காகவே எழுதப்பட்டது; அதனை நாம் மேடையேற்ற எண்ணவேயில்லை. ஆனால் தன்னை ஆதரித்தவரைச் சிரிப்பிக்க எழுதத் தொடங்கிய புலவன், உழைப்பாளியின் வாயைத் திறந்துவிட்ட பின் அதனை மூட மறந்துவிடுவதுமுண்டு. சிங்கி அவ்வாறு தப்பி வந்தவள். அவளை இனங்காண்பதற்கே விமரிசனம் என்ற ஒன்று வேண்டியிருக்கிறது.

எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிட்ட பின் இனி எதைத் தடுப்பது என்று இளைய ஆசிரியர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது கல்விக்கென்று நாமே பிள்ளைகளின் கையிற் கொடுத்த கருவி அது. அதனைப் பறித்துவிட முடியாது. எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. சிறு பிள்ளைகள் காணலாகாதவை உள. கொடுமையை இன்பமாகக் காட்டும் எதனையும் அவர்கள் கண்ணிலிருந்து மறைக்க எம்மால் இயன்றதைச் செய்வோம். ஆனால் மறைப்பதற்கு எமக்குள்ள ஆற்றல் சுருங்கிக்கொண்டே வருகையில், எது பகிடி எது பலவந்தம் என்று பிரித்தறியும் காதை அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோமா? சிங்கியைக் கேளாத காதுக்கு அந்த வேறுபாடு எங்கிருந்து வரும்?

விழா முடிந்த மறுவாரம், உழைத்த பிள்ளைகளின் மனம் ஆறட்டும் என்று, அந்த உரையாடலை வகுப்பறையிலேயே நடத்தச் சொன்னோம். மேசைகளை ஒதுக்கி இடம் செய்தனர். எமது வகுப்பறைகள் அரைச்சுவர் வைத்தவை; இடைவேளை நேரமாதலால் தரம் ஆறு பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வெளியே நின்று எட்டிப் பார்த்தனர். விரட்டவில்லை. முத்தம் கேட்கும் இடம் வந்தபொழுது அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தனர். பட்டப்பகலிலா என்று சிங்கி மறுத்தபொழுது இன்னும் பலமாகச் சிரித்தனர். முடிந்ததும் சுவரின்மேல் நாடியை வைத்து நின்ற சிறுமி ஒருத்தி கேட்டாள்:

“சேர், அவ தான் உழைச்சதெல்லாம் சொல்லிப்போட்டா. அவர் என்ன உழைச்சவர்?”

சிங்கனாக நடித்தவன் தோளிலிருந்த கண்ணியை இறக்கி, வெறுமையாக விரித்துக் காட்டினான். “ஒரு குருவிகூடப் பிடிபடேல்லைத் தங்கச்சி.”

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி தம் வகுப்புக்கு ஓடினர்.